வயிற்றுக்குள் 'போக்கு நிச்சயமற்ற கட்டி': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ ஆவணங்களுக்கு நோய்க் குறியீடு போடுவது, அதாவது ஐசிடி என்ற உலக நோய் வகைப்பாட்டின்படி ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணை எழுதுவது, என் வேலை. பெத்தாலஜி அறிக்கையை (திசுப் பரிசோதனை முடிவை) கையில் வைத்துக்கொண்டு வரும் குடும்பத்தாரும், புதிதாகக் குறியீடு போடப் பழகுகிறவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். இரு தரப்பின் கேள்விகளையும் ஒரே பக்கத்தில் தொகுத்திருக்கிறேன். நோயாளி குழம்புகிற அதே இடத்தில்தான் குறியீட்டாளரும் தவறுகிறார். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் எதைக் கேட்பது என்று தெளிவதற்கு இந்தப் பக்கம் உதவும்.

'போக்கு நிச்சயமற்றது' என்று எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய் என்பதைத்தான் மென்மையாகச் சொல்கிறார்களா?

இல்லை. புற்று என்று தெரிந்தால் பெத்தாலஜிஸ்ட் புற்று என்றே எழுதுவார். மனம் நோகாமலிருக்க வார்த்தையை மாற்றி எழுதும் வழக்கம் அந்த அறிக்கையில் கிடையாது. திசுவை முறையாக ஆராய்ந்த பிறகு, 'இது தீங்கற்றது என்று உறுதி கொடுக்கவும் முடியவில்லை, புற்று என்று சொல்வதற்கான அடையாளங்களும் நிறைவாக இல்லை' என்ற முடிவுக்கு வந்தால்தான் இந்தப் பெயர் வரும்.

ஆகவே இது ஒரு நிபுணர் பார்த்துச் சொன்ன முடிவு. 'இன்னும் பார்க்கவில்லை' என்பதும் 'பார்த்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை' என்பதும் வேறு வேறு நிலைகள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பின்னால் வரும் குறியீட்டுக் கேள்விகளில் பாதி இதன்மேல்தான் நிற்கின்றன.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தும் ஏன் சொல்ல முடியவில்லை? ஆய்வகம் சரியில்லையா?

பெரும்பாலும் குறை ஆய்வகத்தில் இல்லை. ஒரு கட்டியின் 'போக்கு' என்பது அது இனி என்ன செய்யும் என்பது: பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுமா, வேறு உறுப்புக்குப் பரவுமா, வெட்டியெடுத்த இடத்தில் மறுபடி வளருமா? கண்ணாடித் தகட்டில் இருப்பதோ அந்த ஒரு நாளின் திசு. பல கட்டிகளில் செல்களின் தோற்றமே எதிர்காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சிலவற்றில் தோற்றம் சாதுவாக இருக்கும். ஆனால் அதே தோற்றமுள்ள கட்டிகளில் ஒரு பகுதி பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்திருக்கும்.

இரைப்பை, குடல் சுவரில் உண்டாகும் ஜிஸ்ட் கட்டி இதற்கு நல்ல உதாரணம். அதில் கட்டியின் அளவு, 5 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்ற எண்ணிக்கை, எந்த உறுப்பில் இருக்கிறது, கட்டி உடைந்ததா என்ற நான்கையும் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணிக்கிறார்கள். 5 செ.மீ.க்கு மேல் 10 செ.மீ. வரை உள்ள, செல் பிரிதல் ஐந்தைத் தாண்டாத கட்டி இரைப்பையில் இருந்தால் நோய் முற்றும் வாய்ப்பு 3.6 சதவீதம், அதே அளவு, அதே எண்ணிக்கையுள்ள கட்டி சிறுகுடலில் இருந்தால் 24 சதவீதம். இந்தக் கணக்குகள் மியெட்டினன், லசோட்டா ஆகிய பெத்தாலஜிஸ்ட்டுகள் நூற்றுக்கணக்கான நோயாளிகளை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்துத் தொகுத்தவை. செல்லின் முகத்தை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அட்ரினல் சுரப்பியின் புறணிக் கட்டிக்கும் இதே நிலைதான். வெய்ஸ் மதிப்பெண் முறையில், திசுவில் தெரியும் ஒன்பது அம்சங்களைப் பார்க்கிறார்கள். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் புற்று. எண்ணிக்கை எல்லையை ஒட்டி நிற்கும்போது நேர்மையான பெத்தாலஜிஸ்ட் தயங்கத்தான் செய்வார். அந்தத் தயக்கத்தை அறிக்கையில் எழுதியதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

வயிற்றுக்குள் எந்தெந்தக் கட்டிகளுக்கு இந்தப் பெயர் வருகிறது?

அடிக்கடி கண்ணில் படுபவை சில. சினைப்பையின் எல்லைக்கோட்டுக் கட்டிகள்: செல்கள் பெருகியிருக்கும், ஆனால் அடித்திசுவுக்குள் ஊடுருவியிருக்காது. டெஸ்மாய்டு: குடல்தாங்கிச் சவ்விலோ வயிற்றுச் சுவரிலோ வளரும் நார்த்திசுக் கட்டி, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவாது, ஆனால் பக்கத்தில் இருப்பவற்றை இறுக்கி நெருக்கும். குடல்வாலின் தாழ்நிலைச் சளிக் கட்டி: குடல்வால் உடைந்து சளி வயிற்றுக்குள் கசிந்தால் நாளடைவில் வயிறு முழுவதும் சளி நிறையும் நிலை வரலாம். கருப்பைத் தசையில், சாதாரண நார்க்கட்டிக்கும் சதைப்புற்றுக்கும் இடையில் நிற்கும் கட்டிகளும் உண்டு.

இந்தப் பட்டியல் நிலையானதல்ல. ஜிஸ்ட்டும் கணையத்தின் திண்ம-போலிக்காம்புக் கட்டியும் ஒரு காலத்தில் இந்த வரிசையில் இருந்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வகைப்பாட்டில் இரண்டும் புற்றின் பக்கம் போய்விட்டன. சினைப்பை எல்லைக்கோட்டுக் கட்டி எதிர்த் திசையில் நகர்ந்தது. கட்டிகளுக்கென்றே உள்ள புற்றியல் குறியீட்டின் (ஐசிடி-ஓ) இரண்டாம் பதிப்பில் அது புற்றாக இருந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் நிச்சயமற்ற பிரிவுக்கு வந்தது. பழைய அறிக்கையும் புதிய அறிக்கையும் மோதுவதுபோல் தெரிந்தால், முதலில் இரண்டின் ஆண்டுகளையும் பாருங்கள்.

சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்தாயிற்று. அதிலேயே தெரிந்துவிடாதா?

ஸ்கேன் பல விஷயங்களைச் சொல்லும்: கட்டி எந்த உறுப்பிலிருந்து கிளம்புகிறது, திண்மமா நீர்க்கட்டியா, உள்ளே கொழுப்போ சுண்ணமோ இருக்கிறதா, ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கிறதா, கல்லீரலிலோ நுரையீரலிலோ ஏதாவது தெரிகிறதா. சில கட்டிகளுக்கு இதுவே போதும். அட்ரினலில் தற்செயலாகத் தெரியும் சிறிய, ஒரே சீரான கட்டி, சாயம் செலுத்தாத சி.டி.யில் (அடர்த்தியைக் காட்டும் அளவில்) 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது கொழுப்பு நிறைந்த தீங்கற்ற கட்டி என்று நம்பலாம். அது ஹார்மோன் சுரக்கிறதா என்ற பரிசோதனை மட்டும் தனியே வேண்டும்.

ஆனால் 'போக்கு நிச்சயமற்றது' என்பது திசுவைப் பார்த்துச் சொல்லும் முடிவு. ஸ்கேன் அறிக்கையில் ரேடியாலஜிஸ்ட் 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று எழுதினால், படத்தை வைத்துச் சொல்ல இயலவில்லை என்றே பொருள். முதல் கேள்வியில் சொன்ன இரண்டு நிலைகளில் அது 'இன்னும் பார்க்கவில்லை' என்ற நிலை.

ஊசி போட்டுத் திசு எடுத்தால் கட்டி கிளறிவிடும், பரவிவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் பயாப்ஸியை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வயிற்றுறைக்கு (வயிற்றின் உட்புறத்தை மூடும் சவ்வுக்கு) பின்னால் வளரும் பெரிய கட்டிகளில், ஸ்கேன் வழிகாட்ட, தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுப்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. ஊசிப் பாதையில் செல் விதைக்கப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. அறுவை சிகிச்சை எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும், அதற்கு முன் மருந்து வேண்டுமா என்பதையெல்லாம் அந்தத் துண்டுதான் தீர்மானிக்கிறது. இரைப்பைச் சுவரிலும் கணையத்திலும் உள்ள கட்டிகளுக்கு வாய் வழியாகச் செல்லும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டு உதவியுடன் உள்ளிருந்தே ஊசி செலுத்துவார்கள்.

ஊசியைத் தவிர்க்கும் இடங்களும் உண்டு. சினைப்பைக்குள் மட்டும் அடங்கிய, புற்றாக இருக்கலாம் என்று தோன்றும் நீர்க்கட்டியைக் குத்த மாட்டார்கள். உள்ளிருக்கும் திரவம் வயிற்றுக்குள் சிந்தலாம், நோயின் நிலையே மாறிவிடலாம். இன்னொன்று ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரினல் கட்டி. ரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் என்ற பொருளின் அளவைப் பார்த்து அந்தக் கட்டி இல்லை என்று உறுதி செய்யாமல் ஊசி போட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு எகிறக்கூடும். அட்ரினல் பயாப்ஸிக்குத் தேதி கொடுத்தால், 'மெட்டாநெஃப்ரின் பார்த்தாயிற்றா?' என்று நீங்களே கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அறுவை அரங்கிலிருந்தே 'தீங்கற்றது' என்று சொன்னார்கள். பத்து நாள் கழித்து 'எல்லைக்கோட்டுக் கட்டி' என்கிறார்கள். எதை நம்புவது?

இறுதி அறிக்கையை. அறுவையின்போது செய்வது உறைவெட்டுப் பரிசோதனை: ஒன்றிரண்டு துண்டுகளை உறையவைத்து, சில நிமிடங்களில் பார்த்துச் சொல்வது. அறுவையை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று முடிவெடுக்கவே அது. பெரிய சளி நீர்க்கட்டிகளில் ஓரிடம் தீங்கற்றதாகவும், இன்னோரிடம் எல்லைக்கோடாகவும், வேறோரிடம் புற்றாகவும் இருக்கலாம். அதனால் இறுதிப் பரிசோதனையில் கட்டியின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறைந்தது ஒரு துண்டாவது எடுப்பார்கள்; 10 செ.மீ.யைத் தாண்டினால் இரண்டு எடுப்பதும் உண்டு. பிறகு தேவையான சிறப்புச் சாயங்கள். பத்து நாள் அதற்குத்தான் போகிறது.

சிறப்புச் சாயம் என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள். அது அவசியமா?

வயிற்றுக் கட்டிகளில் பெரும்பாலும் அவசியம். நூற்கதிர் போல இரு முனையும் கூர்ந்த செல்கள் நிறைந்த ஒரு கட்டி ஜிஸ்ட்டாக இருக்கலாம், டெஸ்மாய்டாக இருக்கலாம், தசைக்கட்டியாக இருக்கலாம், நரம்புறைக் கட்டியாகவும் இருக்கலாம். இந்தச் சாயங்கள் செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும். சிடி117, டாக்1 என்ற இரண்டு புரதங்களுக்கான சாயமும் பிடித்தால் ஜிஸ்ட். பீட்டா-கேட்டினின் என்ற புரதத்தின் சாயம் செல்லின் கருவுக்குள் ஏறியிருந்தால் டெஸ்மாய்டு பக்கம் எண்ணம் போகும். சிகிச்சை இரண்டுக்கும் முற்றிலும் வேறு.

கட்டி இருப்பது தெரிந்தும் ஏன் உடனே எடுக்காமல் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்வதில்லை. சினைப்பைக் கட்டியையும் குடல்வால் சளிக்கட்டியையும் எடுத்துவிடுவார்கள். காத்திருப்பு முதல் வழியாக இருப்பது டெஸ்மாய்டில். முன்பு அதையும் உடனே வெட்டினார்கள். வெட்டிய இடத்திலேயே மறுபடி வளர்ந்தது. குடல்தாங்கியில் இருந்தால் அதோடு ரத்தக்குழாயையும் நீண்ட குடல் பகுதியையும் சேர்த்து இழக்க நேரும். அதன்பின் சாப்பிடும் சத்து உடலில் சேராத நிலை வரலாம். மறுபுறம், எதுவும் செய்யாமலே வளர்ச்சி நின்றுவிடும், சில சமயம் தானாகவே சுருங்கும் டெஸ்மாய்டுகளும் கணிசமாக இருப்பது தெரியவந்தது. அதனால் வலி, குடலடைப்பு போன்ற தொல்லை இல்லையென்றால் முதலில் கண்காணிப்பு, வளர்ந்தால் மருந்து, பிறகே கத்தி என்ற வரிசை வந்திருக்கிறது. 2023 நவம்பரில் நைரோகாசெஸ்டாட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி கிடைத்தது.

இந்தக் கட்டி உள்ளவர்கள் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பவழிப் பாலிப் நோயின் (பெருங்குடலில் சிறு சதை வளர்ச்சிகள் உண்டாகும் பரம்பரை நோயின்) ஒரு வெளிப்பாடாகவும் டெஸ்மாய்டு வரும். கட்டியின் பீட்டா-கேட்டினின் மரபணுவில் மாற்றம் தென்படாவிட்டால் பெருங்குடல் கொலனோஸ்கோபி செய்து பார்ப்பது நல்லது. பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்கள் சத்தமில்லாமல் இருக்கக்கூடும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்? எத்தனை ஆண்டுகள்?

கட்டியைப் பொறுத்தது. டெஸ்மாய்டில் முதல் எம்.ஆர்.ஐ. ஒன்று இரண்டு மாதத்துக்குள், பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அமைதியாக இருந்தால் இடைவெளி நீளும். எல்லைக்கோட்டுக் கட்டியில் பத்து ஆண்டு கழித்தும் திரும்பிய நோயாளிகள் உண்டு என்பதால், ஐந்தாண்டில் கோப்பை மூடுவது சரியல்ல. குடல்வால் கட்டி உடையாமல் முழுதாக வெளியே வந்திருந்தால் கவலை குறைவு. உடைந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் வேண்டும்.

கண்காணிப்பில் அடிக்கடி நடக்கும் கோளாறு, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில், வேறு முறையில் ஸ்கேன் எடுப்பது. ஒப்பிட வேண்டியது முந்தைய ஸ்கேனோடு மட்டுமல்ல, முதல் ஸ்கேனோடும்தான். ஒவ்வொரு முறையும் 2 மி.மீ. வளர்ந்தால் 'பெரிய மாற்றமில்லை' என்றே அறிக்கை வரும். நான்கு அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் 8 மி.மீ. தெரியும். பழைய படங்களைத் தாளில் அச்சிட்டதோடு விடாமல் குறுந்தகட்டிலும் வாங்கி வைத்திருங்கள்.

கட்டி இருந்தால் உயரக்கூடிய சிஏ-125, சிஇஏ போன்றவற்றைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை போதாதா?

போதாது. எல்லைக்கோட்டுக் கட்டியில் இவை இயல்பாகவே இருக்கலாம். எந்தக் கட்டியும் இல்லாமல் எண்டோமெட்ரியோசிஸிலும் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோயிலும்) மாதவிடாயின்போதும் சிஏ-125 உயரலாம். முதலில் உயர்ந்திருந்து, கட்டியை எடுத்தபின் இறங்கியிருந்தால், பின்னால் தொடர்ந்து பார்க்கப் பயன்படும்.

வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகிறேன். அறிக்கையை எடுத்துப் போனால் போதுமா?

கண்ணாடித் தகடுகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டைகளையும் கேட்டு வாங்குங்கள். காகிதத்தைப் படித்து யாரும் இரண்டாவது கருத்துச் சொல்ல முடியாது. இந்த வகைக் கட்டிகளில் அந்தத் துறையிலேயே பழகிய பெத்தாலஜிஸ்ட் மறுபடி பார்ப்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். முடிவு புற்றின் பக்கமோ தீங்கற்ற பக்கமோ நகர்ந்துவிட்டால் சிகிச்சையே மாறும்.

இனி குறியீடு. ஸ்கேனில் வயிற்றில் கட்டி, பயாப்ஸி இன்னும் இல்லை. 'நிச்சயமற்றது'தானே, அதற்கான டி48 எண்ணைப் போடலாமா?

கூடாது. புதியவர்கள் அதிகம் தவறும் இடம் இது. மருத்துவருக்கு நிச்சயமில்லை என்பது கட்டியின் போக்கு நிச்சயமற்றது என்று ஆகாது. அமெரிக்கப் பதிப்பான ஐசிடி-10-சிஎம்-இல் டி37 முதல் டி44 வரையும் டி48-உம், திசுவைப் பார்த்தும் புற்றா இல்லையா என்று உறுதி செய்ய முடியாதவற்றுக்கு மட்டுமே. மருத்துவர் 'நியோபிளாசம்' (புதுவளர்ச்சி) என்றோ 'டியூமர்' என்றோ எழுதி, அதன் தன்மை ஆவணத்தில் இல்லையென்றால் டி49. வெறும் 'மாஸ்' (திரள்) என்று மட்டும் எழுதியிருந்தால் அது நியோபிளாசமே அல்ல, ஆர்19.0 வரிசைக்குப் போக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-ஐப் பயன்படுத்துகிறவர்களுக்கு டி49 கிடையாது. அங்கே டி37 முதல் டி48 வரையிலான தொகுதியின் தலைப்பிலேயே 'நிச்சயமற்ற அல்லது அறியப்படாத' போக்கு என்று இரண்டும் சேர்ந்திருக்கின்றன. இணையத்தில் படித்த அமெரிக்க விதியை அப்படியே மூலப் பதிப்புக்குப் பொருத்திக் குழம்புகிறவர்கள் பலர். ஐசிடி-11 இரண்டையும் மறுபடி தனித்தனிப் பிரிவுகளாக்கியிருக்கிறது. என் பார்வையில் அதுதான் சரி.

வயிறு என்றால் ஒரே எண்தானா?

இல்லை, கட்டி கிளம்பிய உறுப்பைப் பார்க்க வேண்டும். இரைப்பை டி37.1, சிறுகுடல் டி37.2, குடல்வால் டி37.3, பெருங்குடல் டி37.4, கல்லீரல், பித்தப்பை, பித்தநாளம் டி37.6. சினைப்பை டி39.1, சிறுநீரகம் டி41.0, அட்ரினல் டி44.1. வயிற்றுறைக்குப் பின்புறம் டி48.3, வயிற்றுறை டி48.4. டெஸ்மாய்டுக்கு அமெரிக்கப் பதிப்பில் 2023 அக்டோபரிலிருந்து தனி எண்கள் உண்டு: வயிற்றுச் சுவரில் டி48.113, வயிற்றுக்குள் டி48.114. 'வயிற்றுக் கட்டி' என்று மட்டும் கோப்பில் இருந்தால் எண்ணைத் தேடும் முன் மருத்துவரிடம் உறுப்பைக் கேளுங்கள்.

அறிக்கையில் 'புற்றாக இருக்கலாம்', 'சந்தேகத்துக்குரியது' என்றிருக்கிறது. அப்போது புற்றுக்கான சி எண்ணா, நிச்சயமற்றதற்கான டி எண்ணா?

அமெரிக்க விதிப்படி வெளிநோயாளி என்றால் சந்தேகத்தைக் குறியீடாக்கக் கூடாது. உறுதியாகத் தெரிந்த நிலையை, தேவைப்பட்டால் அறிகுறியையே, குறிக்க வேண்டும். உள்நோயாளி வீடு திரும்பும்போது சிகிச்சை அளித்த மருத்துவரே தன் இறுதிக் குறிப்பில் 'புற்றாக இருக்கலாம்' என்று வைத்திருந்தால், இருப்பதாகவே கொண்டு குறிக்கலாம். பெத்தாலஜி அறிக்கையிலும் இந்த வேறுபாடு உண்டு. வெளிநோயாளிக்கு அந்த அறிக்கையைக் கொண்டே குறிக்கலாம். உள்நோயாளிக்குச் சிகிச்சை மருத்துவரின் ஒப்புதல் குறிப்பு வேண்டும். எந்த நிலையிலும் சந்தேகத்தை 'நிச்சயமற்றது' என்று மாற்றி டி48-இல் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

புற்றுநோய்ப் பதிவேட்டில் /1 என்று போடுகிறார்களே, அது என்ன?

அது புற்றியல் குறியீட்டின் போக்கு இலக்கம். /0 தீங்கற்றது, /1 நிச்சயமற்றது அல்லது எல்லைக்கோடு, /2 தோன்றிய இடத்திலேயே அடங்கிய புற்று, /3 புற்று. டெஸ்மாய்டு 8821/1. ஜிஸ்ட் முன்பு 8936/1 ஆகவும் இருந்தது. புதிய பதிப்பில் 8936/3 மட்டும்தான். ஆகவே இன்று வரும் ஜிஸ்ட் அறிக்கையில் 'குறைந்த ஆபத்து' என்று இருப்பதைப் பார்த்து நீங்களாக /1 போடாதீர்கள். ஆபத்தின் அளவும் போக்கு இலக்கமும் வேறு வேறு.

டி எண் என்பதால் காப்பீட்டு நிறுவனம் மறுக்கிறது. சி எண்ணாக மாற்றித் தரக் கூடாதா?

இப்படிக் கேட்கிறவர்களின் நிலை எனக்குப் புரிகிறது. பெரிய அறுவை நடந்திருக்கும், செலவு புற்றுநோய்க்கு ஆவதைவிடக் குறைவாக இருந்திருக்காது. ஆனால் மாற்ற முடியாது. அது பொய்ப் பதிவு. அந்த எண் நோயாளியின் கோப்பில் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து, அடுத்த மருத்துவரைத் தவறான சிகிச்சைக்குக்கூட இட்டுச்செல்லலாம்.

செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. ஒப்பந்தத்தில் எது மறுக்கப்பட்டது என்று பாருங்கள். மொத்தத் தொகை தரும் தீவிர நோய்க் காப்பீடுகள் பலவற்றில் எல்லைக்கோட்டுக் கட்டிக்கு விலக்கு எழுதியிருக்கும். மருத்துவமனைச் செலவுக் காப்பீட்டில் நோய் புற்றாக இருக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. மறுப்பு இரண்டாவது வகையில் வந்திருந்தால், அறுவை ஏன் தேவைப்பட்டது என்று மருத்துவரின் கடிதத்தோடு மேல்முறையீடு செய்யுங்கள். பழைய வகைப்பாட்டின்படி எழுதப்பட்ட அறிக்கை என்றால், இன்றைய வகைப்பாட்டின்படி திருத்த அறிக்கை தர முடியுமா என்று பெத்தாலஜிஸ்ட்டிடம் கேட்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

கட்டியை எடுத்தாயிற்று, இப்போது ஸ்கேனுக்கு மட்டும் வருகிறார். இன்னமும் டி எண்ணா?

கட்டி உள்ளே இருந்து கண்காணிப்பில் இருந்தால் டி எண்ணே தொடரும். முழுமையாக எடுத்து, சிகிச்சை முடிந்து, கட்டி இல்லையென்று ஆனபின் அமெரிக்கப் பதிப்பில் இசட்09-உடன் (சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்பு) இசட்86.03 (முன்பு நிச்சயமற்ற கட்டி இருந்தது) வரும். இசட்08 புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்புக்கு உரியது, இங்கே பொருந்தாது. திரும்பி வந்தால் மறுபடி டி எண், அதுவும் அப்போதைய திசு முடிவைப் பார்த்து.

முதலில் நிச்சயமற்றது என்று போட்டோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்து புற்று என்று முடிவானது. பழைய எண்ணைத் திருத்த வேண்டுமா?

வேண்டாம். அந்தந்த வருகைக்கு அப்போது தெரிந்திருந்ததே குறியீடு. புதிய திசுவில் புற்று தெரிந்தால் புதிய வருகையிலிருந்து சி எண். பழைய தகடுகளையே மறுபடி பார்த்து, 'முதலிலேயே இது புற்றுதான்' என்று பெத்தாலஜிஸ்ட் தேதியிட்ட திருத்த அறிக்கை கொடுத்தால் நிலை வேறு. அப்போது பழைய பதிவும் திருத்தப்பட வேண்டும், பதிவேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். திருத்த அறிக்கையை முந்தையதன் இடத்தில் வைத்துவிடாமல், இரண்டையும் கோப்பில் சேர்த்தே வையுங்கள்.